செல்லுபடியாகும் எண்

கணினி என்பது வேலை செய்வதற்காகப் படைக்கப்பட்டது என்ற மூடநம்பிக்கை இன்னும் பல வீடுகளில் ஒழிந்தபாடில்லை. இந்த வீட்டில் அதை வேரோடு பிடுங்கி எறிந்த பெருமை எடை அளவு ஆய்வாளரையே சேரும்.

அவர் லேசுப்பட்டவர் அல்ல. கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதிப்பவர். ஒழுங்கான தராசுக்கு முத்திரை குத்துவார். ஒழுங்கில்லாததைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். 'போலி' என்று அவர் உச்சரித்தால் கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். வீட்டுக் குளியலறையில் இருந்த எடைக் கருவிகூட முத்திரை பெற்றதுதான். அதில் ஏறி நின்றால் மனைவிக்கு மேல்முறையீடு கிடையாது.

மனைவி கட்டட வரைபடம் போடுபவள். நெடுங்காலம் ஒரு பொறியாளரிடம் இருந்தாள். அவள் வரைவாள், அவர் கையெழுத்துப் போடுவார். இப்போது முதன்முறையாக அவள் பெயரிலேயே ஒரு வேலை வந்திருந்தது. குழந்தைகள் விடுதியின் பின்பக்கத்துக்கு அவசரப் படிக்கட்டு. தீப்பிடித்தால் பிள்ளைகள் இறங்கி ஓட. ஒப்பந்ததாரர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள நகராட்சில குடுத்துடணும்மா. ஒரு நாள் பிசகினாலும் இந்த வேலையை என் மச்சான் வாங்கிடுவான். அவனை நான் சமாளிச்சுடுவேன். ஆனா அவன் அக்கா என் வீட்டுலல்ல இருக்கா?"

அவளிடம் பழைய கணினி ஒன்று இருந்தது. சத்தம் போடும். சூடாகும். வேலை செய்யும். இதில் மூன்றாவதை ஆய்வாளர் ஒரு குணமாகவே மதிக்கவில்லை.

ஏனென்றால் அவருடைய மேலதிகாரியின் மேசையில் அந்தப் பெரிய கம்பெனியின் கணினி வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் இயங்குதளத்தை ஆய்வாளர் கண்ணால் கண்டார். திரையில் ஒரு ஜன்னலை மூடினால் அது சும்மா மூடாது. இடுப்பு ஒடுங்கி, வழுக்கி, ஒரு மூலையில் சொட்டாக இறங்கும். மேலதிகாரி அதை அவருக்காக மூன்று தடவை மூடிக் காட்டினார். அன்று அலுவலகத்தில் வேறு வேலை நடக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

"வாங்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"வாங்குறதுக்கு என்ன, எவன் வேணும்னாலும் வாங்கலாம். நான் செய்யப் போறேன்."

"ஏங்க, நம்ம பெட்டி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. ஆனா எதுல ஓடுதுன்னு பாக்கணும்ல."

கம்பெனி தன் இயங்குதளத்தைத் தன் கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று சொல்லியிருந்தது. கடையில் பாகம் பாகமாக வாங்கிக் கோத்த பெட்டியில் அது இறங்காது. இந்தக் குறுகிய மனத்தை எதிர்த்து இணையத்தில் ஒரு சபை இயங்கியது. ஆய்வாளர் அதில் உறுப்பினரானார்.

சபையின் ஒழுங்கு கடுமையானது. கேள்வி கேட்பவர் முதலில் தன் பெட்டியின் சகல உறுப்புகளையும் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால், 'வழிகாட்டியை முதலிலிருந்து படிக்கவும்' என்று பதில் வரும். படித்துவிட்டு வந்து கேட்டால், 'இந்த மதர்போர்டுக்கு ஆகாது' என்பார்கள். ஆகிவிட்டது என்று யாராவது எழுதினால், எப்படி என்று கேட்பார்கள். அவருக்கும் தெரியாது.

வெற்றிக்கும் அங்கே இலக்கணம் உண்டு. 'இந்தக் கணினியைப் பற்றி' என்ற கட்டம் திரையில் திறக்க வேண்டும். அதில் கம்பெனியின் பெயர் தெரிய வேண்டும். அதைப் படம் பிடித்துப் போட வேண்டும். தீர்ந்தது. ஒலி வராது, வலை கிடைக்காது, கேமரா குருடு என்பவையெல்லாம் 'சில்லறை' என்ற தலைப்பின்கீழ் அடங்கும்.

கூடம் ஆய்வுக்கூடமாயிற்று. வாங்கி வந்த பாகங்களைக் கோத்து ஆய்வாளர் அங்கே ஒரு புதிய பெட்டியை நிறுத்தினார். பெட்டியின் பக்கத் தகடு கழற்றப்பட்டது. அது கடைசிவரை திரும்பப் பொருத்தப்படவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடும். ஒரே வரியில் வந்து நிற்கும். ஆய்வாளர் ஒரு சொல்லை மாற்றுவார். மறுபடி ஓடும். அதே வரியில் நிற்கும். ஒரு நாள் அதற்கு முந்தைய வரியிலேயே நின்றுவிட்டது. சபையில் அதைப் 'புதிய நிலை' என்று பாராட்டினார்கள்.

"என்னங்க சொல்லுது?"

"கிராபிக்ஸ் கார்டை யாருன்னு தெரியலங்குது."

"அப்ப?"

"அதோட பெரியம்மா மகன்னு சொல்லணும். ஒரே குடும்பத்துல வேற ஒரு கார்டு இருக்கு. அது கம்பெனிக்குத் தெரிஞ்ச கார்டு. அதான் இதுன்னு சொல்லிட்டா உள்ள விட்டுடும்."

"நம்பிடுமா?"

"நம்புறமாதிரி சொல்லணும்."

சபையில் இதற்கு 'அறிமுகம்' என்று பெயர். பொய் என்ற சொல் அங்கே புழக்கத்தில் இல்லை. கார்டு அறிமுகமானது. பிறகு பிராசஸர் வேறொன்றாக அறிமுகமானது. பெட்டியின் பின்னால் துளைகள் நிறைய இருந்தன. இயங்குதளத்துக்கு இரண்டுதான் அறிமுகமாயின. ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் மவுஸ். பென் டிரைவ் செருக வேண்டுமானால் மவுஸைப் பிடுங்க வேண்டும். பிரதி எடுத்து வைக்கும் கெட்ட பழக்கம் மனைவியிடமிருந்து இவ்வாறு அகற்றப்பட்டது.

கடைசியில் பெட்டி முழுவதையும் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. கம்பெனி தயாரிக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. வழிகாட்டி தெளிவாகச் சொன்னது: அதே தோரணையில் ஓர் எண்ணைக் கற்பனை செய்க. கம்பெனியின் பக்கத்தில் போட்டுப் பார்க்க. 'அப்படி ஓர் எண் இல்லை' என்று வந்தால் எடுத்துக்கொள்க.

இங்கேதான் ஆய்வாளர் மற்ற சபையோரைவிட ஒரு முழம் உயர்ந்து நின்றார்.

"செல்லாத நம்பரை என் கையால போடுவேனா? என் சர்வீஸ்ல அது நடக்காது."

அவர் ஓர் எழுத்தை மாற்றினார். செல்லாது என்று வந்தது. இன்னோர் எழுத்தை மாற்றினார். செல்லாது. வழிகாட்டியின்படி ஒவ்வொன்றும் வெற்றி. அவர் ஒவ்வொன்றையும் நிராகரித்தார். மனச்சாட்சியுள்ள மனிதனின் தனிமையில் பல நாள் உழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'நல்வரவு. இந்த எண் செல்லும்' என்று பக்கம் சொன்னது. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, செல்லும்னா அது ஏற்கெனவே யாரோடதோன்னு அர்த்தமில்லையா?"

"செல்லும்னா செல்லும்னு அர்த்தம்."

பெட்டி எழுந்தது. கம்பெனிச் சின்னம் ஒளிர்ந்தது. ஜன்னல் இடுப்பு ஒடுங்கி வழுக்கி இறங்கியது. படம் சபைக்குப் போனது. வாழ்த்துகள் குவிந்தன. பழைய கணினியின் டிஸ்க்கும் மெமரியும் புதிய பெட்டிக்குள் குடியேறின. மிச்ச உடம்பைப் பழைய இரும்புக்காரர் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். மனைவியின் படிக்கட்டு இப்போது பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

அவள் வேலையைத் தொடர்ந்தாள். சில்லறையில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது: பெட்டி ஒருமுறை தூங்கிவிட்டால் பிறகு எழாது. ஆகவே அவள் தேநீர் போடப் போகும்போது ஆய்வாளர் வந்து உட்கார்ந்து மவுஸை ஆட்டுவார். தொட்டிலைப்போல இதமாக ஆட்டுவார். தொட்டிலைத் தூங்குவதற்கு ஆட்டுவார்கள், இதைத் தூங்காமலிருக்க ஆட்டினார். மற்றபடி வேறுபாடு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. படிகள் முடிந்திருந்தன. கைப்பிடியின் உயரத்தைக் குறித்து, மூலைக் கட்டத்தில் தன் பெயரை எழுதினால் தீர்ந்தது. அவள் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினாள். திரை சாம்பல் நிறமாயிற்று. நடுவில் எழுத்துகள் வந்தன.

'இந்தக் கணினி தொலைந்துவிட்டது. கண்டெடுத்தவர் தயவுசெய்து அழைக்கவும். இதில் என் நோயாளிகளின் எக்ஸ்ரே படங்கள் உள்ளன.'

கீழே ஒரு தொலைபேசி எண். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், ஆய்வாளரின் செல்லுபடியாகும் எண்.

"ஏங்க, இங்க வாங்க."

ஆய்வாளர் பல் துலக்கியபடி வந்தார். படித்தார். நுரையோடு சிரித்தார்.

"பாத்தியா?"

"என்னத்தைப் பாக்க?"

"கம்பெனியே நம்புது. அசலுக்கு மட்டும்தான் இந்தப் பூட்டு விழும். சபைல ஒருத்தனுக்கும் விழுந்ததில்லை."

"என் படிக்கட்டு உள்ள மாட்டிக்கிச்சுங்க."

"மாட்டிக்கலை. பத்திரமா இருக்கு. இனிமே யாராலயும் திறக்க முடியாது."

"நம்பரை மாத்திடுங்க."

"உள்ள போனாத்தானே மாத்தலாம்."

"டிஸ்க்கைக் கழட்டி வேற பெட்டில போட்டா?"

"பூட்டும் கூடவே வரும்," என்றார் ஆய்வாளர். குரலில் பெருமை இருந்தது. "அதுக்குத்தானே எல்லாரும் இதை வாங்குறாங்க."

அவள் அவரையே பார்த்தாள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறப்புச் சான்றிதழும் வாங்கியவர் இவர் ஒருவர்தான். அவள் திரையில் இருந்த எண்ணை அழைத்தாள்.

எடுத்தது ஒரு பல் மருத்துவர். அவருடைய சிகிச்சை அறையிலிருந்து கணினி களவுபோயிருந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, கம்பெனி மூலம் அந்த எண்ணுள்ள கணினியைத் தூரத்திலிருந்தே பூட்டி, திரையில் அந்தச் செய்தியையும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"டாக்டர், உங்க கணினி எங்ககிட்ட இல்லை," என்றாள் மனைவி. "ஆனா உங்க கணினியோட பேரு எங்ககிட்ட இருக்கு. நீங்க வந்து பாத்தாத்தான் புரியும்."

மருத்துவர் வந்தார். கூடவே ஒரு காவலரும் வந்தார். களவுபோன பொருள் இருக்கும் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது என்று நிலையத்தில் சொன்னார்களாம்.

மேசைமேல் பெட்டி முழங்கால் உயரத்துக்கு நின்றது. விலா திறந்து கிடந்தது. உள்ளே விசிறிகள் சுற்றின. சிவப்பு விளக்கு ஒன்று, தேவை எதுவும் இல்லாமல், மின்னியது.

"இது என்னோடது இல்லை," என்றார் மருத்துவர். "என்னோடது ஒரு பைல் கனம்தான். கைப்பைல வச்சுக்குவேன்."

காவலர் குனிந்து திரையைப் படித்தார். புகாரையும் படித்தார். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டார்.

"உங்களோடதுதான் டாக்டர்."

"இது குட்டி பிரிட்ஜ் மாதிரி இருக்குதுங்க."

"புகார்ல நம்பர் இருக்கு. உருவம் எழுதலையே நீங்க." அவர் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "காணாமப் போயும் நாளாச்சு."

மனைவி மருத்துவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பாகங்கள், அறிமுகங்கள், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். மருத்துவர் முழுவதையும் கேட்டார். வாய் திறந்திருப்பவர்களிடம் கேள்வி கேட்டுப் பழகியவர். பதில் வரும்வரை பொறுக்கத் தெரிந்திருந்தது.

"அப்ப என்னோடது இன்னும் வெளியதான் இருக்கு," என்றார்.

"ஆமா டாக்டர்."

"நம்பரை வச்சுத்தான் அதைக் கண்டுபிடிக்கணும். அவன் எங்கயாவது அதை ஆன் பண்ணுவான்னு காத்திட்டிருக்கேன்." மருத்துவர் கூடத்தை எட்டிப் பார்த்தார். "உங்க படம் எப்பக் குடுக்கணும்?"

"மத்தியானத்துக்குள்ள."

"அது என்ன படம்?"

"பிள்ளைங்க இறங்குற படி."

 மருத்துவர் கூடத்துக்கு வந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, கடவுச்சொல்லைத் தட்டினார். சாம்பல் விலகியது. படிக்கட்டு அப்படியே இருந்தது. மூலைக் கட்டத்தில் ஒற்றை எழுத்து காத்திருந்தது.

மனைவி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கைப்பிடியின் உயரத்தைக் குறித்தாள். பெயரை முடித்தாள். மவுஸைப் பிடுங்கிவிட்டுப் பென் டிரைவைச் செருகி, கீபோர்டிலேயே தடவித் தடவிப் பிரதி எடுத்தாள். காவலர் இதையெல்லாம் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்தார்.

"இங்க ஒரு கையெழுத்து, டாக்டர்."

"எதுக்கு?"

"பொருள் கிடைச்சதுன்னு."

"எனக்கு எங்கங்க கிடைச்சது?"

"உங்க சாவி போட்டீங்க, பூட்டு திறந்துச்சு. அடுத்தவங்க வீட்டுப் பூட்டு உங்க சாவிக்குத் திறக்குமா?"

"நான் இவங்க படத்தை எடுக்கத்தான் திறந்தேன். உள்ள என் எக்ஸ்ரே ஒண்ணாவது இருக்கா பாருங்க."

"உள்ள இருக்கிறது தனிப் புகார். அதை எழுதிக் குடுங்க, விசாரிக்கலாம்."

"என் மெஷினை எடுத்தவன் வேற எங்கயோ இருக்கான்."

காவலர் புரியாமல் பார்த்தார். "எதை எடுத்தவன், டாக்டர்?"

மனைவி குறுக்கே வந்தாள். "சார், இது போலி. எங்க வீட்டுக்காரர் பாகம் வாங்கிக் கோத்தது. நம்பரை இவரே உண்டாக்கினார். டாக்டர் எனக்காகத்தான் திறந்தாங்க. கேஸை முடிச்சிடாதீங்க."

"அம்மா, நீங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தப் பாக்குறீங்க. எல்லாப் பொண்டாட்டியும் செய்யுறதுதான். ஆனா செல்லாது." காவலர் ஆய்வாளரைப் பார்த்தார். கண் விரிந்தது. "சார், நீங்க எடை ஆபீஸ்தானே? எங்க தெருக் கடைல தராசைத் தூக்கிட்டுப் போனது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்படிச் சொல்லுங்க. அசல் எது, போலி எதுன்னு பிரிக்கிறதுக்கே உங்களுக்குச் சம்பளம். நீங்களே சொல்லிடுங்க. எழுதிக்கிறேன்."

மூவரும் ஆய்வாளரைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அவர் ஊரில் உள்ள கடைக்காரர்களுக்கெல்லாம் வாரி வழங்கியவர். ஒன்றைத் தன் வீட்டில் செலவழித்தால் குறைந்துபோகாது. மனைவி அவர் வாயையே பார்த்தாள். வாய் திறந்தது. ஆனால் அதற்கு முன் அவர் கண் திரைமேல் போய்விட்டது. அங்கே ஓரத்தில் கம்பெனியின் சின்னம் தெரிந்தது. அதிகாரம் உள்ள ஒருவர், சீருடையில், பேனாவோடு, அவர் வீட்டுக்கே வந்து கேட்கிறார். இப்படி ஒரு சோதனை சபையில் யாருக்கும் வாய்த்ததில்லை.

"அசல்," என்றார் ஆய்வாளர்.

"உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"கண்டெடுத்தேன்."

காவலர் எழுதினார். எழுந்து ஆய்வாளரின் கையைக் குலுக்கினார். கண்டெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். 

"எனக்கு இது வேண்டாம்," என்றார் மருத்துவர்.

"நீங்க வாங்கலைன்னா கேஸை முடிக்க முடியாது, டாக்டர்."

"முடிக்க வேண்டாம்னுதான் சொல்றேன்."

"அதுக்கு இதுல இடமில்லையே." காவலர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மையிலேயே இடமில்லை. மருத்துவர் கையெழுத்துப் போட, புகார் முடிந்தது.

பெட்டியை ஆய்வாளரே சுமந்துபோய் மருத்துவரின் காரில் பின்னிருக்கையில் வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டார். அசல் என்று ஒப்புக்கொண்டதற்குக் கொடுத்த விலை அந்தப் பெட்டி. அவருக்கு அது அதிகமாகத் தெரியவில்லை. அவர் மேலே வந்தபோது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தைங்க," என்றாள். "ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க."

"நான் சொன்னேனே."

அவள் படி இறங்கினாள். அச்சுக் கடைக்கு ஓடி, அங்கிருந்து நகராட்சிக்கு ஓடினாள். கவுன்டரில் இருந்தவர் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துவிட்டார், ஆனாலும் வாங்கிக்கொண்டார். மூலைக் கட்டத்தை உரக்கப் படித்து, "இது யாரு?" என்றார். "நான்தான்," என்றாள். ஒப்பந்ததாரரின் மச்சான் வாசலில் உருட்டிய தாளோடு நின்றிருந்தான். அவளுக்கு வழி விட்டான்.

ஆய்வாளருடைய 'காவல்துறைச் சோதனையில் தேர்ச்சி' என்ற பதிவு சபையில் வரலாறு படைத்தது. அந்த எண்ணைத் தங்களுக்கும் தர முடியுமா என்று பலர் கேட்டார்கள். அவருக்குக் கஞ்சத்தனம் தெரியாது.

செய்தி அலுவலகத்துக்கும் எட்டியது. கண்டெடுத்த விலையுயர்ந்த பொருளை உரியவரிடம் ஒப்படைத்த ஆய்வாளருக்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. மேடை, மைக், மேசைவிரிப்பு எல்லாம் இருந்தன. மேலதிகாரி நீண்ட நேரம் பேசினார். நேர்மை என்பது ஒரு தராசு என்றார். அதற்கு முத்திரை தேவையில்லை என்றார். பிறகு, அப்படிச் சொல்வது துறையின் விதிக்கு முரண் என்று நினைவு வந்து, தேவைதான் என்றார். கைதட்டினார்கள். ஒப்பந்ததாரர் கட்டுமானத்தைத் தொடங்கியிருந்ததால் மனைவி தளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். சேலை விளிம்பில் சிமென்ட் ஒட்டியிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பொருளைத் திரும்பப் பெற்றவர் என்ற முறையில் பல் மருத்துவரும் அழைக்கப்பட்டிருந்தார். இரண்டு வார்த்தை பேசும்படி மேலதிகாரி மைக்கைக் கொடுத்தார். அவர் அதைத் தூரத்திலேயே பிடித்துக்கொண்டார். குரல் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க ஆஸ்பத்திரில பூந்தவன் என் கணினியைத்தான் எடுத்துட்டுப் போனான்," என்றார். "அதைத் தேடுற வழியை விட்டுட்டுத்தான் போனான். அதையும் எடுத்தவர் இவர்."

கூடம் ஒரு கணம் யோசித்தது. முதலில் கைதட்டியவர் ஆய்வாளர்தான்.